சிற்றினப் பல்வகைமை அளவீடு

சிற்றினப் பல்வகைமை அளவீடு என்பது ஒரு சூழலியற் சமுதாயத்தில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு மிகுந்துள்ளது என்பவற்றை எண்ணால் குறிக்கும் முறையாகும். சிற்றினங்களின் எண்ணிக்கை செழுமை எனவும், அவை ஒத்த அளவில் பரவியிருக்கும் தன்மை சீர்மை எனவும் அழைக்கப்படுகின்றன.

கல்வராயன் மலையில்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை, 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் பரவியுள்ளது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் வரை புதர்க்காடும், 800 மீட்டர் வரை இலையுதிர்காடும், அதற்கு மேல் சோலைகளும் காணப்படுகின்றன. இம்மலையின் அரைப் பசுமைமாறாக் காட்டு மரங்களைப் பற்றிப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

இத்தகைய ஆய்வுகளில் பொதுவாக ஓர் எக்டேர் போன்ற குறித்த பரப்பு அளந்து எல்லையிடப்படும். அதனுள் குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்கள் அனைத்தும் எண்ணப்படும். பரப்பு கூடினால் சிற்றினங்களும் கூடும். எனவே வெவ்வேறு பரப்புகளின் பட்டியல்களை அப்படியே ஒப்பிடுதல் பிழையாகும்.

குறியீடுகள்

நான்கு சிற்றினங்களைச் சேர்ந்த 100 மரங்கள் இரு காடுகளில் உள்ளன எனக் கொள்வோம். முதற் காட்டில் ஒவ்வொன்றும் 25. இரண்டாவதில் ஒரு சிற்றினம் மட்டும் 97, ஏனையவை ஒவ்வொன்று. செழுமை இரண்டிலும் 4 தான். ஆனால் காட்டில் நடப்பவருக்கு இரண்டாவது ஒரே மரத்தோப்பாகவே தோன்றும்.

இவ்வேறுபாட்டைக் காட்டுவன குறியீடுகள். சானனின் குறியீடு (1948) ஒவ்வொரு சிற்றினத்தின் விகிதத்தையும் அதன் இயல்மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றிப் பெறப்படுகிறது. முதற் காட்டிற்கு 1.39, இரண்டாவதற்கு 0.17. சிம்சன் (1949) தற்செயலாக எடுக்கும் இரு தனியன்கள் ஒரே சிற்றினமாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிட்டார். அதனை ஒன்றிலிருந்து கழித்தால் முறையே 0.75, 0.06 கிடைக்கும். சானன் குறியீட்டில் அரிய சிற்றினங்களுக்கும், சிம்சன் குறியீட்டில் மிகுந்தவற்றிற்கும் முதன்மை கூடுதல்.

ஆல்பா, பீட்டா, காமா

விட்டேக்கர் 1960 இல் பல்வகைமையை மூன்றாகப் பிரித்தார். ஓர் இடத்திற்குள் உள்ளது ஆல்பா, இடத்திற்கு இடம் மாறுவது பீட்டா, முழு நிலப்பரப்பிற்கும் உரியது காமா. அடிவாரத்தில் உசிலை, மேலே செல்லச் செல்ல வேறு மரங்கள் என உயரத்தோடு காடு மாறும் கல்வராயனில் பீட்டாவைப் புறக்கணிக்க இயலாது. ஒரு சோலையை மட்டும் காத்தால் மலை முழுவதும் காக்கப்பட்டதாகாது.

குறைபாடு

குறியீட்டிற்குச் சிற்றினத்தின் பெயர் தெரியாது. கடுக்காய் மரக் கன்றுகளின் இடத்தை அயல்நாட்டு உண்ணிச்செடி அதே எண்ணிக்கையில் பிடித்துக்கொண்டாலும் விடை மாறாது. சில வேளைகளில் புதியவற்றின் வரவால் உயரவும் கூடும். கடுக்காய் திரட்டும் மலையாளிப் பழங்குடியினருக்கோ இது பெரும் இழப்பு. எனவே எண்ணுடன் சிற்றினப் பட்டியலையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.