கேழ்வரகும் கணிப்பொறியும்

பெங்களூரில் வாழும் தமிழராகிய நமக்குக் கேழ்வரகுக் களி புதியதன்று. இங்குள்ளோர் அதனை முத்தே என்பர். அப்பயிர் பண்டைக்காலத்தில் ஆப்பிரிக்காவினின்று குடிபெயர்ந்து வந்தது. 1960-களில் மாண்டியாவின் வி. சி. பண்ணையில் இலட்சுமணையா என்னும் அறிஞர், இந்நாட்டுக் கேழ்வரகை ஆப்பிரிக்க உறவோடு மீண்டும் மணமுடித்து வைத்தார். இரு நிலங்களின் பெயரையும் சேர்த்து, பிறந்த வகைகளுக்கு ‘இண்டாப்’ என்று பெயரிட்டனர். கலப்பில் முளைத்தவற்றுள் நல்லவற்றைப் பொறுக்கி, மீண்டும் விதைத்து, மீண்டும் பொறுக்குவதே முறை.

இம்முறையைக் கணக்கிற்கும் கொண்டுவரலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஹாலண்டு 1975-இல் நூல் எழுதினார். ஒரு வினாவிற்குப் பல விடைகளைக் குத்துமதிப்பாக அமைத்து, சிறந்தவற்றை இணைசேர்த்து, உறுப்புகளை மாற்றிப் பொருத்திப் பிள்ளை விடைகளைப் பெறுவது அது. செருமனியில் ரெக்கன்பெர்க்கு முதலியோர் 1960-களிலேயே இத்தகைய ஆய்வில் இறங்கினர். அவர்கள் கலப்பினும் சிறுசிறு மாற்றங்களையே பெரிதும் நம்பினர்.

பிள்ளைகள் பிறந்தபின் பெற்றோரை என் செய்வது? வழக்கு இங்கேதான் எழுந்தது. எல்லாரையும் நீக்கினால் கையிலிருந்த சிறந்த விடையும் தொலைந்துபோகும். விதைநெல்லைக் குத்தித் தின்னும் உழவன் உண்டோ? ஆகவே, சிறந்ததைக் காக்கும் முறையை டி ஜாங்கு என்பார் 1975-இல் ஆராய்ந்தார். ஆனால் மூத்தோரே இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டால், சில தலைமுறையில் எல்லாம் ஒரே சாயலாகித் தேடல் நின்றுவிடும். (சங்கத் தேர்தல்களைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.)

இவ்வழக்கைத் திறம்படத் தீர்த்தோர் கான்பூர் ஐ. ஐ. டி. அறிஞர்கள். பாலம் வலிமையாகவும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் ஒரே விடை கிடையாது. வேறெதனாலும் முற்றிலும் வெல்லப்படாத விடைகளை முதல் வரிசையில் நிறுத்தும் முறையை 1994-இல் சீனிவாசும் கல்யாண்மொய் தேபும் வெளியிட்டனர். அதில் பெற்றோர்க்குக் காப்பில்லை. 2002-இல் தேப், பிரதாப், அகர்வால், மெய்யறிவன் ஆகிய நால்வர் அக்குறையை நீக்கினர். நான்காமவரின் தமிழ்ப் பெயரைக் கண்டு நாம் மகிழ்கிறோம்.

பெற்றோர் 100, பிள்ளைகள் 100 எனில், 200 பேரும் ஒன்றாகத் தரம் பிரிக்கப்படுவர். 100 பேர் பிழைப்பர். இறுதி வரிசையில் இடம் போதாவிடில், நெரிசலில் நிற்பவரைவிடத் தனித்து நிற்பவருக்கே முன்னுரிமை. மூத்தவர் என்பதற்காக எவருக்கும் இருக்கை இல்லை. மாறுபட்டவர் என்பதற்காக எவரும் விரட்டப்படுவதும் இல்லை.

பண்ணையில் ஒரு தலைமுறைக்கு ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். பொறியிலோ எளிய கணக்காயின் நூறு தலைமுறைகள் சில நொடிகளில் கழியும். எனினும் நல்ல கதிர் எது என்பதை அதற்கு முன்னரே எண்ணால் எழுதித் தரவேண்டும். பண்ணையாளரோ வரப்பில் நின்று, கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொள்வார்.