ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்பிளே வரலையா? பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்க!

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துகிறது, லைட் எரிகிறது, ஆனால் திரை மட்டும் கருப்பாகவே கிடக்கிறது. அல்லது அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, பாதி வேலையில் படக்கென ஆஃப் ஆகிறது. பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இது வழக்கமான புகார். 'மானிட்டர் போச்சு' என்று முடிவு செய்து புதிதாக வாங்கி வந்து மாட்டினால், அதிலும் அதே கருப்புத் திரை வந்தால் எப்படி இருக்கும்?

பல நேரம் கோளாறு மானிட்டரில் இருக்காது. பேச்சுவழக்கில் சிபியு என்று சொல்லப்படும் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்த தூசியும் சூடும்தான் காரணமாக இருக்கும்.

மானிட்டரா, பெட்டியா?

டிஸ்பிளே கேபிளை பெட்டியின் பக்கம் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' அல்லது 'செக் கேபிள்' என்று எழுத்து வந்தால் மானிட்டர் பிழைத்துக்கொண்டது. லைட் எரிந்தும் எழுத்து வராவிட்டால், இருட்டில் செல்போன் டார்ச்சை திரைக்கு அருகே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பின்னால் எரியும் பேக்லைட் போய்விட்டது என்று அர்த்தம்.

திரை முழுக்க மஞ்சளாகவோ பிங்க் நிறமாகவோ தெரிகிறதா? நீல முனை கொண்ட பழைய விஜிஏ கேபிளில் ஒரு பின் வளைந்திருக்கலாம். நீலம் வராவிட்டால் மஞ்சள், பச்சை வராவிட்டால் பிங்க், அவ்ளோதான் விஷயம்.

கோடு கோடாகத் தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை செல்போனில் திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் பெரும்பாலும் மானிட்டர் அல்லது கேபிள் பிரச்னை. படத்திலும் கோடு இருந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டு, அல்லது அதன் டிரைவர் மீது.

பெட்டியைத் திறக்கும் முன்

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எதையும் தொடும் முன், பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியைத் தொட்டுவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

டிஸ்பிளே வராததற்கு அடிக்கடி சிக்கும் குற்றவாளி ரேம். அதைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, 'டக்' என்று கிளிப் பூட்டும் வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். மதர்போர்டு முனையில் செருகிவிட்டுத் தேடுபவர்களும் உண்டு. தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போனால், சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரியை மாற்றுங்கள். சில போர்டுகள் அது தீர்ந்தாலே அடம்பிடிக்கும்.

தானாக ஆஃப் ஆவது ஏன்?

பிராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் 'கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு' என்ற புலம்பலுக்கு ஒரு காரணம். அதற்கும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்க மொத்தமாக மின்சாரத்தை நிறுத்திவிடும். அதாவது, அது பழுதல்ல; தற்காப்பு. திரும்பத் திரும்ப ஆன் செய்துகொண்டே இருப்பதுதான் தவறு.

எவ்வளவு சூடு என்பதை பயாஸ் திரையிலோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளிலோ பார்க்கலாம். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, வேலை செய்யும்போது 70, 80 வரை என்றால் பயமில்லை. 90-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஃபேன் இழுப்பது அறைக் காற்றைத்தான் என்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் இந்த எண்கள் சற்று ஏறவே செய்யும்.

ஃபேனுக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். கம்பளி போல தூசி படிந்திருந்தால் காற்று போக வழியே இல்லை. பிரஷ், புளோயர் போதும். ஆனால் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். பழைய இன்டெல் கூலர்களில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். ஒன்று தளர்ந்தாலும் தகடு பிராசஸரில் சரியாக ஒட்டாது. சுத்தம் செய்தும் சூடு குறையாவிட்டால் இடையில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். அள்ளி அப்பினால் கூடுதல் பலன் கிடையாது.

எப்போது விட்டுவிடலாம்?

மதர்போர்டில் நிற்கும் சிறிய உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, அவை கெபாசிட்டர்கள். சுத்தம் செய்து பயனில்லை. மாற்றித் தருபவர்கள் உண்டு, ஆனால் அதற்கு மேல் செலவு செய்ய யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

போர்டு போனாலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கல்யாண போட்டோவும் கடைக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. பெட்டியை பழைய சாமான் கடைக்குப் போடும் முன் அதைக் கழற்றி எடுத்து, சாட்டா டு யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபைல்களை காப்பி செய்துகொள்ளுங்கள்.