மட்டாஞ்சேரி மிளகும் மலிவு பிராசசரும்

பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று பையனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் எடுத்துவிட்டான். எடுத்த கையோடு ஒரு பட்டியலையும் நீட்டினான். தலைப்பு: கேமிங் பி.சி. முதல் வரியில் இருந்த பிராசசரே நான் மனதில் வைத்திருந்த ஐம்பதாயிரத்தில் பாதியை விழுங்கிவிடும் போலிருந்தது.

"கொஞ்சம் சின்னதா வாங்கிக்கலாமேடா" என்றேன்.

"மலிவா வாங்கினா மலிவாத்தான்பா இருக்கும்" என்றான். (நண்பர்களோடு மலையாளத்தில் சண்டை போடுவான், என்னிடம் காசு கேட்கும்போது மட்டும் தமிழ் மணக்கும்.)

இதே வார்த்தையை 1999-இல் நான் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர்க்காரன். அப்பா பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் பி.காம் முடித்து வங்கிப் பரீட்சை எழுதி, ஊர் ஊராகச் சுற்றி இப்போது மட்டாஞ்சேரியில் இருக்கிறேன். சரக்கின் பேரில் கடன் கொடுத்தால், அந்தச் சரக்கு கிடங்கில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அப்படித்தான் பஜார் ரோடு கிடங்குகளில் மிளகு சலிப்பதைப் பார்த்தேன். ஒரே கொடியில் காய்த்த மிளகுதான். சல்லடையில் 4.25 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது 'டெல்லிச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு' என்று ஒரு விலைக்குப் போகும். கீழே விழுவது வேறு பெயரில் வேறு விலைக்குப் போகும். ரசத்தில் போட்டால் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிராசசர் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். வட்டமான சிலிக்கான் தகட்டில் ஒரே அச்சாக நூற்றுக்கணக்கில் அச்சடித்து, வெட்டி, ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். எந்த வேகத்துக்குத் தாங்குகிறது, எந்தப் பகுதி பழுது என்று பார்த்து ரகம் பிரித்துப் பெயர் வைக்கிறார்கள். மிளகு வியாபாரி செய்யாத ஒரு காரியத்தையும் செய்கிறார்கள். மலிவு ரகத்துக்கு ஆர்டர் அதிகமாகி, மட்டச் சரக்கு போதாமல் போனால், நல்ல சரக்கையே எடுத்து ஒரு பகுதியை அடைத்துவிட்டு மலிவு மூட்டையில் போடுவார்கள். தொழிற்சாலை போடுவதில்தான் பெரும் செலவு, அதன்பின் கூடுதலாக ஒரு துண்டு எடுக்க ஆகும் செலவு குறைவு. பணமுள்ளவனிடம் அதிகமும் இல்லாதவனிடம் குறைவும் வாங்க, ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் வேண்டியிருக்கிறது. பி.காம் படித்தவர்களுக்கு 'விலைப் பாகுபாடு' பாடம் ஞாபகம் வரும்.

இந்த விளையாட்டு பழசு. 1991 மார்ச்சில் ஏ.எம்.டி. தன் 386-ஐ 40 மெகாஹெர்ட்ஸில் கொண்டுவந்தது. இன்டெலின் வேகமான 386 அப்போது 33-தான். இன்டெலிடம் 486 இருந்தது, ஆனால் விலை அதிகம். அதன் விலையைக் குறைத்தால் தன் லாபத்தில் தானே கை வைத்த மாதிரி ஆகும். ஆகவே அடுத்த மாதமே 486 எஸ்எக்ஸ் என்று ஒன்று வந்தது. அதே 486, தசமக் கணக்குப் போடும் பகுதி மட்டும் அடைக்கப்பட்டது. அந்தப் பகுதி பிறகு வேண்டுமென்றால் 487 என்று தனியாக ஒன்று வாங்கிச் செருகலாம். அந்த 487 உண்மையில் முழு 486. செருகியதும் பழைய பிராசசரைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும்! வீட்டுக்கடன் மேல் டாப்-அப் விற்கும் எங்கள் ஆட்களுக்குக்கூட இந்த யோசனை தோன்றியிருக்காது.

கேம் ஆடுகிறவனுக்கு இதில் என்ன என்றால், 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டு தசமக் கணக்கைத் தொடவே இல்லை. எஸ்எக்ஸ் வாங்கியவன் அதில் ஒன்றையும் இழக்கவில்லை. 1996-இல் அதே கம்பெனியின் குவேக் வந்தது. அது முழுக்கத் தசமக் கணக்கு. எஸ்எக்ஸில் ஓடவே ஓடாது. அன்றைக்குப் பென்டியத்தோடு விலையில் போட்டி போட்ட சைரிக்ஸ் 6x86, ஆபீஸ் வேலையில் பென்டியத்துக்குச் சளைக்காதது, குவேக்கில் திணறியது. சைரிக்ஸ் பெயர் கெட்டதில் அந்த ஒரு விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி கைமாறியது.

எனக்கு வேண்டியது 1998. இன்டெல் அந்த ஏப்ரலில் செலரான் என்ற மலிவு ரகத்தைக் கொண்டுவந்தது, 266 மெகாஹெர்ட்ஸ். விலையைக் குறைக்க அதில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தையே எடுத்துவிட்டார்கள். கேஷ் என்றால் என்ன? எங்கள் கேஷியரை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜை டிராயரில் கொஞ்சம் பணம் இருக்கும். ஒவ்வொரு செக்குக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு ஓட வேண்டாம். டிராயரைப் பிடுங்கிவிட்டால் கேஷியர் எத்தனை சுறுசுறுப்பானவராக இருந்தாலும் கவுன்டரில் வரிசை நீளும். அந்த முதல் செலரானுக்கு அதுதான் நடந்தது. கெட்ட பெயர் வாங்கியது.

நான்கே மாதத்தில், ஆகஸ்டில், திருத்தி வெளியிட்டார்கள். அதுதான் செலரான் 300ஏ. இதில் 128 கிலோபைட் கேஷ். பென்டியம் II-இல் 512 இருந்தது, ஆனால் அது பிராசசருக்கு வெளியே, பாதி வேகத்தில். செலரானின் 128 உள்ளேயே, முழு வேகத்தில். சின்ன டிராயர், கைக்கு மிக அருகில். இன்னொன்றும் உண்டு. பிராசசரின் வேகம் என்பது மதர்போர்டு தரும் துடிப்பை ஓர் எண்ணால் பெருக்கி வருவது. 300ஏ-க்கு அது 66 பெருக்கல் நாலரை. அந்த நாலரையை இன்டெல் பூட்டிவிட்டது, 66-ஐ பூட்டவில்லை. போர்டில் 100 என்று வைத்தால் 450! பென்டியம் II 450 அதே மாதம் வந்தது, அறிமுக விலை 669 டாலர். 300ஏ 149 டாலர். டாலர் 42 ரூபாய் என்று போட்டாலும் இருபத்தெட்டாயிரத்துக்கும் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். எல்லாத் துண்டும் 450-க்கு ஏறாது. ஆனால் ஏறியவை ஏராளம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 1999-இல் நான் பி.காம் இரண்டாம் ஆண்டு. அப்பா சீட்டு எடுத்து, மதுரையில் அசெம்பிள் பண்ணும் ஒரு பையனிடம் விசாரித்து, கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் நான் பார்த்த சொல் 'செலரான்'. பக்கத்துத் தெரு நண்பன் வீட்டில் பென்டியம் II.

"ஏம்ப்பா, மலிவா வாங்கினா மலிவாத்தானே இருக்கும்? ஏமாந்துட்டீங்க" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. "அந்தத் தம்பி சொன்னாரு, போர்டுல ஒரு ஜம்பரை மாத்தினா இதுவே நானூத்தம்பதுல ஓடுமாம். செஞ்சு தரவான்னு கேட்டாரு. உன்னைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்" என்றார்.

நான் சிரித்தேன். முந்நூறு எப்படி நானூற்றைம்பது ஆகும்? படியளக்கிறவனிடமே கதை விடுகிறான் பார் என்று சொன்னதாகக்கூட ஞாபகம். அந்தக் கம்ப்யூட்டர் ஐந்து வருஷம் முந்நூறிலேயே ஓடியது. நான் அதைக் கடைசி வரை குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு எனக்கென்று எதையும் அப்பா தானாக வாங்கியதில்லை. பணத்தைக் கையில் கொடுத்து "நீயே பாத்து வாங்கிக்கோ" என்பார். அதை நான் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். 2000 ஜூனில் ஏ.எம்.டி.யின் டியூரான். அதன் மேலே தெரிந்த சில சின்னப் புள்ளிகளைப் பள்ளிக்கூடப் பென்சிலால் கோடிழுத்து இணைத்தால் பெருக்கல் எண்ணின் பூட்டு திறந்துகொள்ளும். வதந்தியில்லை, நிஜம். பென்சில் கரி மின்சாரம் கடத்தும், அவ்வளவுதான். 2003-இன் அத்லான் எக்ஸ்பி 2500+ இன்னும் சுலபம், 166-ஐ 200 ஆக்கினால் 3200+ ஓடும் வேகத்தில் ஓடும். அங்கே இரண்டும் ஒரே அச்சு. உண்மையிலேயே ஒரே மூட்டை, இரண்டு பெயர்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2010-இல் இன்டெல் ஒரு காரியம் செய்து பார்த்தது. பென்டியம் ஜி6951 வாங்கியவர் ஐம்பது டாலருக்கு ஒரு கார்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைப் போட்டால் பிராசசருக்குள் பூட்டி வைத்த கேஷ் திறக்கும். மொபைல் ரீசார்ஜ் கார்டு மாதிரி! ஊரே திட்டியது, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். ஆனால் 2011 ஜனவரியில் வந்த தலைமுறையிலிருந்து பெயரின் கடைசியில் 'கே' இருக்கும் விலை கூடிய ரகத்தில்தான் வேகத்தைக் கூட்ட முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். பென்சில் காலம் முடிந்தது.

நடுவில் 2014-இல் ஒரு கருணை. பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டு என்று ஜி3258-ஐப் பூட்டில்லாமல் விற்றார்கள், 72 டாலர். இதோ அடுத்த 300ஏ என்று எல்லோரும் ஓடினார்கள். வேகம் ஏறியது உண்மை. ஆனால் அதில் கோர் இரண்டுதான். அந்த நவம்பரில் ஃபார் கிரை 4 வந்தது. அது நான்கு வேலையாட்களை எதிர்பார்த்தது. இரண்டே இருந்தவனுக்குக் கறுப்புத் திரை. வேகமாக ஓடும் இரண்டு பேர் நான்கு பேர் ஆகமாட்டார்கள். 486 எஸ்எக்ஸுக்கு குவேக் செய்ததை ஜி3258-க்கு இது செய்தது.

2017-இல் ரைசன் வந்தபோதுதான் கணக்கு மாறியது. இன்டெலின் ஐ5 நான்கு கோரில் நின்றிருந்த நேரத்தில், அதே விலைப் பக்கத்தில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொடுத்தது ரைசன் 5 1600. அதே ஆண்டு கடைசியில் இன்டெல் தன் மலிவு ஐ3-க்கே நான்கு கோர் கொடுத்துவிட்டது. பல வருஷமாக முடியாமல் இருந்தது ஒரே வருஷத்தில் முடிந்தது பாருங்கள்.

இத்தனையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு உட்கார்ந்தேன். எது மலிவு என்று பார்க்கவில்லை. எதை வெட்டி மலிவாக்கியிருக்கிறான், உன் விளையாட்டுக்கு அது வேண்டுமா, இந்த இரண்டு கேள்விதான். ஐ5-12400எஃப்: அந்த 'எஃப்' என்றால் உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கார்டு வாங்குகிறவனுக்கு அது நஷ்டமே இல்லை, கார்டு பழுதானால் மட்டும் திரை இருட்டு. ரைசன் 5 5600ஜி: உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, கார்டை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கேஷ் 16 மெகாபைட்தான், சாதா 5600-இல் 32. பாதி டிராயர். விளையாட்டில் அது தெரியும். பட்டியலில் அவன் முதலில் எழுதியிருந்த எட்டு கோர் பிராசசர், அவனுடைய சாதாரண மானிட்டரில், சின்ன கார்டோடு சேர்த்தால் முக்கால்வாசி நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அவனே பட்டியலைத் திருத்தினான். சாதா 5600, மிச்சத்தில் கொஞ்சம் நல்ல கார்டு. கலர் லைட் எரியும் கேபினெட்டை அவனாகவே அடித்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. தோப்பும்படி வழியாக எர்ணாகுளம் போய், பென்டா மேனகாவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினோம். ஸ்பீக்கர் வாங்கவில்லை. அம்மாவின் பழைய ஹெட்போன் இருக்கிறது.

அன்று ராத்திரி விருதுநகருக்கு போன் போட்டேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு, கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். அந்தச் செலரான் விஷயத்தைச் சொன்னேன். அந்த மதுரைப் பையன் சொன்னது நிஜம், ஜம்பரை மாற்றியிருந்தால் அனேகமாக ஓடியிருக்கும், நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று. சொல்லி முடிக்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மண்டிக்காரர் கேள்வி வந்தது.

"ரெண்டும் ஒரே மூட்டையா?"

"ஒரே மூட்டை இல்லப்பா. ஒரே காடு."

"அப்பவே நெனச்சேன்" என்றார். பிறகு, "அது பரண்லதான் கெடக்கு. அடுத்த தடவ வரும்போது பேரன கூட்டிட்டு வா, அந்த ஜம்பர் எங்க இருக்குன்னு பாக்கட்டும்."