நோயாளி ஏன் ஒளிஞ்சுக்கிறார்? பம்பாய் பிளேக் சொல்லும் பதில்

1/ பிளேக் பற்றி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. கிருமியைப் பற்றி குறைவா, மனுஷங்களைப் பற்றி அதிகமா பேசப் போறேன். கேள்வி ஒண்ணுதான். உயிரே போகக்கூடிய நோய் வந்தும், நோயாளி ஏன் டாக்டர்கிட்ட வராம ஒளிஞ்சுக்கிறார்?

2/ முதல்ல நோய். எர்சினியா பெஸ்டிஸ் என்கிற பாக்டீரியா. அடிப்படையில் இது எலிகளின் நோய். எலி செத்ததும் அதன் மேல இருந்த தெள்ளுப்பூச்சி வேற உடம்பு தேடும். அப்போ மனுஷன் மாட்டுவான். கடும் காய்ச்சல் வரும். தொடை இடுக்கு, அக்குள், கழுத்துல பெருசா நெறி கட்டும்.

3/ சிகிச்சை இல்லன்னா நோய் வந்தவங்கள்ல பாதிப் பேர், சில சமயம் அதுக்கும் மேல இறந்துபோவாங்க. இன்னைக்கு சீக்கிரமே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா பெரும்பாலானவங்களைக் காப்பாத்திடலாம். ஆனா நான் சொல்லப்போற காலத்துல ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே கிடையாது.

4/ 1665, லண்டன். ஒருத்தருக்கு பிளேக் வந்தா அந்த வீட்டுல இருக்கிற எல்லாரையும் உள்ளே வச்சுப் பூட்டிடுவாங்க. கதவுல சிவப்புச் சிலுவை, வாசல்ல காவல். அப்போ சின்னக் குழந்தையா இருந்த டேனியல் டீஃபோ, 1722ல் இதை ஒரு நாவலா எழுதினார்.

5/ அதுல அவர் காட்டுற விஷயம் இதுதான்: பூட்டுனதால நோய் நிக்கல. பூட்டிடுவாங்கன்னு பயந்து நோயை மறைச்சாங்க. காவலாளிக்குக் காசு கொடுத்தாங்க, பின்பக்கமா தப்பிச்சு ஓடினாங்க, நோயையும் கூடவே கொண்டுபோனாங்க. 230 வருஷம் கழிச்சு பம்பாயில் இதே கதை திரும்ப நடந்தது.

6/ 1896 செப்டம்பர். துறைமுகத்தை ஒட்டின மாண்ட்வி பகுதி. தானியக் கிடங்குகள், நெருக்கமான குடியிருப்புகள், எங்க பார்த்தாலும் எலி. அங்கே பரவின காய்ச்சலைப் பார்த்து "இது பிளேக்"னு கண்டுபிடிச்சுச் சொன்னவர் அகாசியோ வியெகாஸ் என்ற கோவா டாக்டர்.

7/ கிருமியை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஹாங்காங்ல அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடிச்சிருந்தார். ஆனா அது எப்படிப் பரவுதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாததால நகராட்சி கண்ணுல பட்டதையெல்லாம் செஞ்சுது. வீடு முழுக்க கார்பாலிக் அமிலம் அடிச்சாங்க, பொருட்களை எரிச்சாங்க, நோயாளியைக் கட்டாயமா தூக்கிட்டுப் போனாங்க.

8/ இப்போ மக்கள் பக்கம் நின்னு பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பி வரல. குடும்பத்தைப் பார்க்க முடியாது, யார் கையால சாப்பிடுறோம்னு தெரியாது, சாதி, மதச் சடங்கு எதுவும் நடக்காது. "உள்ளே கொண்டுபோய் உடம்புல இருந்து எண்ணெய் எடுக்கிறாங்க"ன்னு கூட வதந்தி கிளம்பிச்சு.

9/ இதை மூடநம்பிக்கைன்னு சிரிச்சிட்டுப் போறது சுலபம். ஆனா யாரும் விளக்கம் சொல்லாத இடத்துல வதந்திதான் விளக்கம் ஆகும். 1896 அக்டோபர் கடைசியில் சுமார் ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினாங்க. சில மாசத்துல ஊர் மக்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் பம்பாயை விட்டே கிளம்பிட்டாங்க.

10/ 1897 பிப்ரவரி 4. தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. ரொம்பச் சின்ன சட்டம், ஆனா அதிகாரம் பெருசு. பயணிகளை நிறுத்திச் சோதிக்கலாம், பிரிச்சு வைக்கலாம். நல்லெண்ணத்துல செஞ்சதுன்னா அதிகாரி மேல வழக்கு போட முடியாது.

11/ அடுத்த மாசம் புனே. டபிள்யூ.சி. ராண்ட் என்ற ஐசிஎஸ் அதிகாரி தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடா நுழைஞ்சாங்க. சமையலறை, பூஜையறை எதுவும் தப்பல. நெறி கட்டியிருக்கான்னு பார்க்கணும்னா எங்கே பார்க்கணும்? தொடை இடுக்கு, அக்குள். பெண்களை அந்நிய ஆண்கள் பரிசோதிச்சா அந்த ஊர் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

12/ 1897 ஜூன் 22. விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்து முடிஞ்சு திரும்பும்போது ராண்டைச் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டாங்க. கூட வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார், ராண்ட் ஜூலை 3ல் இறந்தார். கேசரியில் எழுதினதுக்காகத் திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் 18 மாசம் சிறை. ஒரு சுகாதார நடவடிக்கை தேசத்தின் அரசியலையே திருப்பிடுச்சு.

13/ அதே புனேயில இன்னொரு வழியும் இருந்தது. சாவித்ரிபாய் பூலேவும், டாக்டரான அவர் வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை நடத்தினாங்க. நோய் கண்ட ஒரு தலித் சிறுவனை முதுகுல சுமந்துட்டு வந்ததா சொல்வாங்க. அவங்களுக்கும் தொற்றி, 1897 மார்ச் 10ல் இறந்தாங்க. அங்கே நோயாளியை இழுத்துட்டு வர சிப்பாய் தேவைப்படல.

14/ இதுல ஒரு வேதனை என்னன்னா, 1898ல் பால் லூயி சிமோன் கராச்சியில் ஒரு சோதனை செஞ்சு, பரப்புறது எலித் தெள்ளுப்பூச்சின்னு காட்டினார். அதை மருத்துவ உலகம் ஏத்துக்கவே பல வருஷம் ஆச்சு. அப்படிப் பார்த்தா, எலி சாகுற வீட்டை விட்டு உடனே வெளியேறின சாதாரண ஜனங்க செஞ்சதுதான் பல இடத்துல சரி!

15/ கலவரங்களுக்கு அப்புறம் அரசு மெல்ல இறங்கி வந்தது. பல இடங்கள்ல கட்டாயத்தைத் தளர்த்துனாங்க. அந்தந்தச் சமூகமே தனக்கு ஆஸ்பத்திரி நடத்திக்கலாம், வைத்தியர்களும் ஹக்கீம்களும் பார்க்கலாம்னு விட்டாங்க. இதையெல்லாம் முதல் நாளே செஞ்சிருக்கலாம்.

16/ தடுப்பூசிக் கதையும் இதேதான். ஒடெசாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன இடத்துல பிளேக் தடுப்பூசி தயாரிச்சார். 1897 ஜனவரி 10ல் முதல் ஊசி தனக்கே போட்டுக்கிட்டார். ஆகா கான் எல்லார் முன்னாடியும் போட்டுக்கிட்டார். அதைப் பார்த்து அவர் சமூகத்தினரும் முன்வந்தாங்க.

17/ 1902 அக்டோபர் 30. பஞ்சாப்ல முல்கோவால் கிராமம். 107 பேருக்கு ஊசி. அதுல ஒரே பாட்டில்ல இருந்து போட்டுக்கிட்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தாங்க. பழி ஹாஃப்கின் மேல விழுந்து, வேலை போச்சு. ஊசி போட்ட இடத்துல தரையில விழுந்த இடுக்கியைச் சரியா சுத்தம் பண்ணாம அந்தப் பாட்டிலைத் திறந்திருக்காங்க. இந்த உண்மை வெளியே வந்து, ரொனால்ட் ராஸ் உட்பட பலர் குரல் கொடுத்து, அவர் மேல இருந்த பழி நீங்க 1907 ஆச்சு.

18/ பல வருஷம் சேர்த்த நம்பிக்கை ஒரு இடுக்கியில போச்சு. பஞ்சாப்ல அதுக்கப்புறமும் பிளேக் லட்சக்கணக்கில் கொன்னுச்சு. மொத்தமா இந்தியாவில் அந்தப் பிளேக் அலையில் இறந்தவங்க 1 கோடிக்கும் மேல.

19/ கோயம்புத்தூர்க்காரங்களுக்கு பிளேக் மாரியம்மன் கோவில் தெரிஞ்சிருக்கும். அந்தப் பேர் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியும். டாக்டரும் அரசாங்கமும் கைவிட்ட இடத்துல ஜனங்க அம்மாகிட்ட போனாங்க. அவ யாரையும் இழுத்துட்டுப் போகல.

20/ 2020ல் கொரோனாவுக்கு நாம எடுத்ததும் அதே 1897 சட்டம்தான். வீட்டு வாசல்ல தகரம் அடிச்சதும், ஸ்டிக்கர் ஒட்டினதும் ஞாபகம் இருக்கா? டெஸ்ட் எடுக்கவே ஜனங்க ஏன் பயந்தாங்கன்னு இப்போ யோசிங்க.

21/ இன்னைக்கும் டிபி மருந்தை நாலு ஊர் தள்ளிப் போய் வாங்குறவங்க இருக்காங்க. தெருவுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான். அவங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி, தெரிஞ்சா நாம என்ன செய்வோம்னு கேட்டுக்கணும்.

22/ தனிமைப்படுத்தல் வேண்டாம்னு சொல்லல. சில நோய்க்கு அது கண்டிப்பா வேணும். ஆனா தனிமைப்படுத்துற ஆளுக்குச் சாப்பாடு, சம்பளம், மரியாதை, வீட்டுக்காரங்களோட பேச ஒரு வழி, இந்த நாலும் கூடவே போகணும். அது இல்லன்னா நோயாளி ஒளிஞ்சுப்பார், கிருமியும் அவரோட சேர்ந்து ஒளிஞ்சுக்கும்.

காய்ச்சல், இருமல் நிக்கலன்னா மறைக்காதீங்க, வந்து காட்டுங்க.