எல்லார் வீட்டிலும் ஒரே கதவு எண்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் எங்கள் வீட்டுப் பிரிண்டர் திடீரென்று ஊமையாகிவிட்டது. மின்சாரம் இருக்கிறது, தாள் இருக்கிறது, மை இருக்கிறது, அச்சு மட்டும் வரவில்லை. அன்று பார்த்துப் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, தவறு என்னுடையது என்று. போன வருடம் நானே அந்தப் பிரிண்டருக்குள் 192.168.1.5 என்ற ஐ.பி. முகவரியைப் போட்டு வைத்திருந்தேன். ரவுட்டருக்கு அதைச் சொல்லவில்லை. பிரிண்டர் அணைந்திருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கைப்பேசிக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிட்டது. லீவு போட்ட பையனின் வரிசை எண்ணைப் புதிதாக வந்தவனுக்குக் கொடுத்தால் மறுநாள் வகுப்பில் என்ன நடக்கும்? அதேதான் நடந்தது.

அப்போது ஒரு கேள்வி வந்தது. என் வீட்டில் 192.168. எதிர்வீட்டிலும் அதுவே. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இதே கதவு எண் என்றால், கடிதம் எப்படிச் சரியான வீட்டுக்குப் போகிறது? தேடிப் படித்தபோது ஒரு நல்ல சண்டை கண்ணில் பட்டது.

தொடக்கத்தில் இணையத்தில் யார் யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை வைத்திருந்தவர் ஜான் போஸ்டல். தாடியும் செருப்புமாகத் திரிந்த மனிதர், கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தில் வேலை. நம் பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை ஒரே ஆசிரியர் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வாரே, அப்படி. 1981இல் முகவரியின் நீளம் 32 பிட் என்று எழுதிவைத்தார்கள். கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி எண்கள். 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் என்ற அன்றைய வலையமைப்பு இந்த முறைக்கு மாறியது.

429 கோடி அன்றைக்குக் கடல். அதனால் அள்ளி வழங்கினார்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு 18இல் தொடங்கும் எண்கள் அத்தனையும். ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு 19இல் தொடங்குபவை அத்தனையும். ஒவ்வொன்றிலும் சுமார் 1.67 கோடி முகவரிகள்! முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்கே பொங்கல் முழுவதையும் போட்டால் கடைசி வரிசைக்குப் பாத்திரம்தான் மிஞ்சும். 90களின் தொடக்கத்திலேயே இது பொறியாளர்களுக்குப் புரிந்துவிட்டது.

1994 மார்ச்சில் நான்கு பேர் ஒரு ஆவணம் வெளியிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 1597 என்பது அதன் எண். மூன்று தொகுப்புகளை ஒதுக்கிவைப்போம், நிறுவனங்கள் தங்கள் உள்வலையில் அவற்றைத் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தட்டும், ஆனால் அவை வெளி இணையத்தில் நடமாடக் கூடாது என்றார்கள். அதில் ஒன்று 192.168. இன்னொன்று 10இல் தொடங்குவது. இந்த 10 யாருடையது தெரியுமா? 1990இல் மூடப்பட்ட அர்ப்பாநெட்டின் எண். காலியான பூர்வீக வீட்டை ஊருக்கே பொதுவாக்கிவிட்டார்கள்.

அதே ஜூலையில் வேறு நான்கு பேர் எதிர்ப்பு எழுதினார்கள். ஆர்.எஃப்.சி. 1627. எண் என்றால் உலகத்துக்கே ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் இந்த வலையின் அடிப்படை. ஒரே எண்ணை வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்கள் நாளை இணைந்தால் என்ன செய்வீர்கள். பொதுவில் விவாதிக்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். என் பிரிண்டர் தகராறே அவர்கள் சொன்ன மோதலின் குட்டி வடிவம்தானே!

முடிவு என்ன ஆனது? 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 வந்தது. அதே மூன்று தொகுப்புகள் நிலைத்தன. எதிர்ப்பவர்கள் சொன்ன தொல்லைகளும் அதில் எழுதப்பட்டன. கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர் எலியட் லியர். எதிர்ப்புக் கடிதத்தில் முதல் பெயராக இருந்த அதே மனிதர். இந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

இதற்கிடையே 1994 மே மாதம் முகவரி மாற்று முறை (நாட்) எழுத்தில் வந்திருந்தது. வீட்டுக்குள் ஆளுக்கொரு எண், வாசலில் எல்லோருக்கும் ஒரே வெளி எண். எந்தக் கடிதம் யாருக்கு என்று ரவுட்டர் குறித்துவைத்துப் பிரித்துக் கொடுக்கும். கடிதம் சரியாகப் போகும் ரகசியம் இதுதான்.

வீட்டுக்குள் எண் கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993இல் ரால்ஃப் டிராம்ஸ் என்ற பேராசிரியர் எழுதியது. புதுக் கருவி "யாராவது எனக்கு எண் தருவீர்களா?" என்று கூவும், ரவுட்டர் ஒன்றை நீட்டும், கருவி "இதையே எடுத்துக்கொள்கிறேன்" என்னும், ரவுட்டர் "சரி" என்று பதியும். கொடுப்பது தானமல்ல, குத்தகை. கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் எண் அடுத்தவருக்குப் போய்விடும்.

பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. மீதமிருந்த கடைசி ஐந்து பெரிய தொகுப்புகளை ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். போஸ்டல் அதைப் பார்க்கவில்லை. 1998இலேயே, 55 வயதில் காலமாகிவிட்டார். 128 பிட் நீளமுள்ள புது முகவரி முறை 1995இலேயே எழுதப்பட்டும், பழைய முறை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த 192.168 ஒரு முக்கியக் காரணம்.

பிரிண்டர் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே இட்ட மேக் எண் ஒன்று உண்டு. அது சேர்க்கை எண் மாதிரி, ஐ.பி. முகவரி வருடா வருடம் மாறும் வரிசை எண் மாதிரி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டரின் மேக் எண்ணையும், எதிரே 192.168.1.5ஐயும் எழுதினேன். பிரிண்டருக்குள் நான் போட்டிருந்ததை அழித்துவிட்டு 'ஆட்டோ' என்று மாற்றினேன். இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் வேலை முடிந்தது. விண்ணப்பம் மாலை ஐந்தரைக்குக் கூரியரில் போனது.

உங்கள் வீட்டில் எண் 10இல் தொடங்கினால் கருத்தில் சொல்லுங்கள். நீங்கள் அர்ப்பாநெட்டின் பழைய வீட்டில் குடியிருக்கிறீர்கள்.