பாக்கெட்டுக்குள் வந்த மாக்சிமா

கணித மென்பொருள் என்றதும் மாட்லாப், மேத்தமேட்டிகா என்று காசு கொடுத்து வாங்க வேண்டிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. செலவுச் சார்பை வகையிட்டு இறுதிநிலைச் செலவு கண்டுபிடிக்கும் கணக்கு எங்களுக்கும் உண்டு! அதைக் கைபேசியிலேயே இலவசமாகப் போட்டுத் தரும் மாக்சிமாவுக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1968ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாக்சைமா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். (இரண்டுக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். குழப்பம் வேண்டாம் என்று பழையதை இப்படி எழுதுகிறேன்.) எண்களோடு நிற்காமல், எழுத்துக் குறியீடுகளை வைத்தே சமன்பாடுகளைத் தீர்ப்பது அதன் சிறப்பு. அரசுப் பணத்தில் வளர்ந்த ஆராய்ச்சி அது.

1982ல் அதன் வணிக உரிமம் எம்ஐடியை விட்டு வெளியே போனது. சீக்கிரமே சிம்பாலிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறைக்கும் ஒரு பிரதி போயிருந்தது. கதையின் திருப்பம் அந்தப் பிரதிதான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் அதைப் பராமரித்து வந்தார். 1998ல் எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி, ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட வழி செய்தார். அதுதான் மாக்சிமா. 2001ல் அவர் இறந்துவிட்டார். ஆனால் மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் தன்னார்வலர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். விற்பனைக்குப் போன மாக்சைமாவோ கை மாறிக் கை மாறி, 1990களின் முடிவில் சந்தையை விட்டே மறைந்தது.

2012ல் மாக்சிமா ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. கணக்கு கைபேசிக்குள்ளேயே நடக்கிறது, இணையம் தேவையில்லை. மாட்லாபின் கைபேசிச் செயலி கணக்கை இணையம் வழியாக வேறு கணினிக்கு அனுப்பித்தான் விடை வாங்கித் தரும். டேட்டா தீர்ந்தால் விடையும் இல்லை.

ஐபோன் பக்கம் இவ்வளவு சுலபமில்லை. ஜிபிஎல்லும் ஆப்பிள் கடையின் விதிகளும் ஒத்துப்போகாது என்ற புகாரால் 2011ல் விஎல்சி பிளேயரே அங்கிருந்து நீக்கப்பட்டது. வேறு உரிமத்தோடுதான் 2013ல் திரும்பியது.

கணக்குப் பதிவியலில் சொத்து என்றால் யாருக்குச் சொந்தம் என்பதுதான் முதல் கேள்வி. மாக்சிமா முப்பது வருடம் தாண்டி நம் பாக்கெட்டுக்கு வந்ததற்குக் காரணம், அது ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இல்லாததுதான். ஒருவர் மெனக்கெட்டு ஒரு அனுமதி கேட்டார். அந்தப் பலனைத்தான் இன்று நாம் காசில்லாமல் அனுபவிக்கிறோம்.