வேலூர்க் கோட்டையில் மகள் கேட்ட கேள்வி



மதரஸா விடுமுறையில் குடும்பத்துடன் ஆவடியில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கோட்டைக்குச் சென்றோம். அகழியைக் கண்டு பிள்ளைகள் குதூகலித்தனர். என் நினைவோ 1806 ஜூலை 10-ஆம் நாளின் மீதே இருந்தது.

நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் பதித்த புதிய தலைப்பாகை தரிக்க வேண்டும் எனக் கம்பெனிப் படைத்தலைமை சிப்பாய்களுக்கு ஆணையிட்டிருந்தது. திருநீறும் தாடியும் ஒரே ஆணையால் தடுக்கப்பட்டன. இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகவே எழுந்தனர். திப்பு சுல்தானின் மக்கள் காவலில் இருந்த அக்கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்ததும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ 100 சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர்.

இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. மகள் கேட்டாள்: “அத்தா, நம்ம சிப்பாய்ங்க யாரைக் கொன்னாங்க?”

உறங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களை. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும். மேடைகளில் பலமுறை இவ்வரலாற்றைப் பேசியவன் நான். இப்பகுதியை ஒருமுறையும் சொன்னதில்லை. போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவனும் நானே. அவர்களது ஈமானின் உறுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நோயாளிகளைப் பற்றி மகளிடம் மறைக்க இயலவில்லை. சொன்னேன்.

வெளியே நினைவுத்தூண் அருகே துஆச் செய்தோம். விடுமுறை முடிந்ததும் மாணவர்களுக்கும் முழுவதையும் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.